தைத்த குடுவை: ஆபிரிக்கச் சுரைக்கலங்களும் அலுமாரி அழகியலும்

1

பலெர்மோவின் பேராலயத்துக்குப் பின்னால், பெரான்னி சதுக்கத்தில், பழம்பொருள் விற்கும் கொட்டில்கள் வரிசையாக உள்ளன. கால் உடைந்த கதிரை, மாதா சுரூபம், ஏதோவொரு பிரபு வீட்டிலிருந்து வந்த நிலைக்கண்ணாடி என்று அங்கே கிடப்பவற்றுள் ஆபிரிக்க முகமூடிகளும் சித்திர வேலைப்பாடு கொண்ட சுரைக்குடுவைகளும் தலைகாட்டுவதுண்டு. இவ்வகைக் குடுவைகளை இந்நகரின் வசதி படைத்தோர் வீட்டு வரவேற்பறைகளிலும் காணலாம். எண்பதுகளிலிருந்து இங்கு வந்துசேர்ந்த ஈழத்தமிழரில் பெரும்பாலோர் அத்தகைய வீடுகளில் கூட்டித் துடைத்தும் சமைத்தும் முதியோரைப் பராமரித்தும் வாழ்க்கையை நிலைநிறுத்தியவர்கள். ஆகவே, ஆபிரிக்கச் சுரைக்கலங்கள் பற்றி எழுதத் தமிழருக்கு என்ன உரித்து என்று எவரேனும் கேட்பின், எமது முதற் பதில் இதுதான்: அவற்றின் மேல் படிந்த தூசியைத் தட்டுகிறவர்கள் நாம். ஒரு பண்டத்தின் சொந்தக்காரரைவிட, அதைத் தூக்கித் துடைத்து வைப்பவர் கிட்ட நின்று பார்க்கிறார்.

கிட்ட நின்று பார்த்தால் பல விஷயங்கள் தெரியும். கண்ணுக்குக் கனமாய்த் தோன்றும் கலம் கைக்குப் பஞ்சாய் இருக்கும். சூடான இரும்பால் இழுத்த கோடு கண்ணுக்குக் கறுப்பு, விரலுக்குப் பள்ளம். சிலவற்றில் இன்னொன்றும் உண்டு. விளிம்பிலிருந்து கீழ் நோக்கி ஓடும் ஒரு வெடிப்பும், அதன் இரு புறமும் துளையிட்டு நாரினால் இழுத்துக் கட்டிய ஒரு தையலும். அலுமாரியில் அந்தப் பக்கம் பெரும்பாலும் சுவரைப் பார்த்தபடியே இருக்கும்.

இக்கட்டுரை அந்தத் தையலைப் பற்றியது. ஆபிரிக்கச் சுரைக்கலம் கலைப்பொருளாகச் சேகரிக்கப்படும்போது எது பாராட்டப்படுகிறது, எது சுவர்ப்பக்கம் திருப்பப்படுகிறது என்பது எமது முதற் கேள்வி. ஊரிலிருந்து கொண்டுவந்த பண்டங்களை எம்மவர் அடுக்கிவைக்கும் முறையிலும் அதே காரியம் நடக்கிறதா என்பது இரண்டாவது.

2

சுரைக்குடுவைக்கு வருமுன் இந்நகரின் சொந்தக் கலம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிசிலிக்கு வந்துபோகும் எந்த உல்லாசப் பயணியும் அதைக் காணாமல் திரும்ப முடியாது. 'தெஸ்தா தி மோரோ', அதாவது மூரின் தலை. கறுத்த முகமும் தலைப்பாகையும் அல்லது முடியும் கொண்ட ஓர் ஆணின் தலை வடிவில் செய்த மண் சாடி. அருகே வெள்ளைப் பெண்ணின் தலை இணையாக இருக்கும். கல்தஜிரோனே என்ற குயவர் ஊரிலிருந்து வந்து, மாடங்களிலும் கடைகளிலும் உணவகங்களிலும் நிறைந்திருக்கின்றன.

அதற்கொரு கதையும் உண்டு. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் பலெர்மோவின் கல்சாப் பகுதியில் ஒரு பெண் தன் மாடத்துச் செடிகளைப் பராமரித்து வாழ்ந்தாளாம். அவ்வழியே வந்த மூர் இளைஞன் ஒருவன் அவளைக் காதலித்தான். அவனுக்கு ஊரிலே மனைவியும் பிள்ளைகளும் உண்டென்று அறிந்தவள், அவன் உறங்கும்போது தலையை வெட்டி, அதையே சாடியாக்கித் துளசியினப் பூண்டொன்றை நட்டாள். அது செழித்து வளர்வதைக் கண்ட அயலவர் பொறாமைகொண்டு அதே வடிவில் மண் சாடிகள் செய்வித்தனர். இதை அநேகமாக ஒரு காதற்கதையாகவே விற்பனையாளர் சொல்கின்றனர். 2012இல் மிலான் உடுப்புக் காட்சியொன்றில் இத்தலைகள் காதணிகளாகத் தொங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. சிசிலியின் மரபு இதுவென்ற பதிலும் எழுந்தது.

மரபுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மரபில் ஆபிரிக்கரின் தலை கலமாகிறது. பேசும் வாய் செடி நடும் வாயாகிறது. பக்கத்து அலுமாரித் தட்டில் இருக்கும் சுரைக்குடுவைக்கு நேர்ந்திருப்பது இதன் மறுபக்கம்: கலம் இருக்கிறது, செய்தவரின் முகம் இல்லை. ஒன்றில் மனிதர் பாத்திரமானார். மற்றதில் பாத்திரம் மனிதரிடமிருந்து துண்டிக்கப்பட்டது. வாங்குகிறவருக்கு இரண்டும் 'அலங்காரம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

3

பல்லரோச் சந்தையில் கோடைகாலத்தில் ஒரு மீற்றருக்கும் மேல் நீண்டு வெளிறிய பச்சையில் கிடக்கும் காயை வீட்டுக்கு வாங்கிச் செல்லாத தமிழர் இங்கு அரிது. சிசிலியர் அதைக் 'குக்குத்சா' என்பர். அதன் இளந்தளிரும் கொடியும் 'தெனெரூமி' என்ற பெயரில் கட்டுக்கட்டாக விற்கப்படும். பாஸ்தாவோடு சேர்த்துச் சாறாகக் காய்ச்சுவார்கள். எம்மவர் அதைச் சுரைக்காய் என்று கண்டுகொள்ள ஒருவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சுரைக்காயேதான். மேற்காபிரிக்கர் முற்றவிட்டுக் கலமாக்குவதும், நாம் பிஞ்சில் கறியாக்குவதும், சிசிலியர் தளிரைச் சாறாக்குவதும் தாவரவியலாருக்கு ஒரே இனம்.

இக்கொடியின் தாயகம் ஆபிரிக்கா. 2004இல் சிம்பாப்வேயில் காட்டுச்சுரை இனமொன்றை ஆய்வாளர் அடையாளங் கண்டு எழுதினர். மட்பாண்டம் வனையக் கற்குமுன்னரே மனிதர் கையில் இருந்த கலம் இது. கொலம்பசுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கக் கண்டங்களிலும் சுரை இருந்தது. அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது நெடுநாள் விவாதம். ஆசியாவிலிருந்து மனிதர் கொண்டுசென்றனர் என்று 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆபிரிக்கக் கரையிலிருந்து அத்திலாந்திக் கடலில் மிதந்தே சென்றது என்று 2014இல் வந்த மரபணு ஆய்வு திருத்திற்று. முற்றிய சுரை உப்புநீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உள்ளே விதை சாவதில்லை.

மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு எமது இலக்கண ஆசிரியர் காட்டும் பழைய உதாரணம் சுரையைப் பற்றியது என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. சொற்களை இடம் மாற்றி வைத்தால் சுரை ஆழும், அம்மி மிதக்கும். உரிய இடத்தில் வைத்துப் படித்தால்தான் பொருள் வரும். பண்டங்களுக்கும் இது பொருந்தும் என்று நாம் நினைக்கிறோம். சிசிலியைச் சேர்ந்த லம்பெடூசாத் தீவின் கரையோரம் 2013 ஒக்ரோபர் 3இல் ஒரே படகிலிருந்து 360க்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் மூழ்கி இறந்தனர். ஆபிரிக்கரின் குடுவை அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, ஆபிரிக்கர் கடலில் ஆழ்கின்றனர் என்பது இக்காலத்தின் மொழிமாற்று.

4

இனி, கலம் எப்படிக் கலமாகிறது என்று பார்ப்போம். காம்பு காய்ந்தபின் பறித்த சுரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு உள்ளிருக்கும் சதையை அழுகவிடுவார்கள். பின் விதையும் நாரும் போகச் சுரண்டி, மணலோ கூழாங்கல்லோ இட்டுக் குலுக்கிக் கழுவி, வெயிலில் உலர்த்துவார்கள். கழுத்தோடு விட்டால் குடுவை. குறுக்கே அறுத்தால் இரண்டு கிண்ணங்கள். சிறு காம்போடு பிளந்தால் அகப்பை. கொடியிலிருக்கும்போதே கயிறு கட்டி வேண்டிய வடிவத்துக்கு இடை ஒடுக்குவதும் உண்டு. அதன்பின்தான் சித்திரம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டு வரைதல், கூர்முனையால் அழுத்தி வரைதல், தோலைச் சுரண்டி வெளிர் நிறமும் கருநிறமும் மாறிவரச் செய்தல், சோளத் தாளிலிருந்து எடுத்த செஞ்சாயம் பூசுதல் என்று பல முறைகள். அழுத்தி வரைந்த மெல்லிய கோட்டில் எண்ணெயும் கரியும் கலந்து தேய்த்தால் அது எழுந்து நிற்கும்.

நைஜீரியாவின் வடகிழக்கே கொங்கொலா ஆற்றுப் பகுதிச் சுரைக்கலங்கள் பற்றி நல்ல ஆய்வுகள் உள்ளன. சப்பெல் 1977இல் வெளியிட்ட நூலும், மார்லா பேர்ண்சும் பார்பரா ரூபின் ஹட்சனும் 1986இல் எழுதிய நூலும் முக்கியமானவை. இவ்வேலையில் அங்கு பெண்களின் கை பெரிது. காஆண்டா மக்களிடையே பேர்ண்ஸ் கண்ட ஒரு விஷயம் எம்மை நிறுத்தி வைத்தது. பெண்ணொருத்தி மணம் முடிக்குமுன் அவள் உடலில் படிப்படியாகக் கீறப்பட்ட தழும்புக் கோலங்களும், மண்பானையின் மேலிருக்கும் கோலங்களும், சுரைக்கலத்தில் வரையும் கோலங்களும் ஒரே குடும்பத்தவை. அந்தத் தழும்பிடும் வழக்கம் கடந்த நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் கோடுகளைப் 'பட்டைகள், முக்கோணங்கள், சதுரங்கள்' என்று மட்டும் வாசிப்பவர் ஓர் எழுத்தைக் கோலம் என்று மயங்குகிறார். அங்கே ஒரு பெண்ணின் வலியும் அவளுடைய சமூகம் அவளை ஏற்றுக்கொண்டதும் எழுதியிருக்கின்றன. அதை வியந்து கொண்டாட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த வழக்கத்தில் பெண்ணுடல் மீதான அதிகாரமும் இருக்கிறது. வாசித்தபின் விமர்சிக்கலாம். வாசியாமல் இரசிக்க முடியாது.

இன்னொரு உதாரணம். கென்யாவின் கலெஞ்சின் மக்கள் பாலைப் புளிக்கவைக்கும் நீண்ட சுரைக்குடுவை 'சோத்தெத்', அதில் ஊறும் பால் 'முர்சிக்'. எமது ஆவாரைக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு செடியின் குச்சியை எரித்து, அந்தக் கரியைக் குடுவையின் உட்சுவரில் தேய்த்தபின்பே பால் ஊற்றுவார்கள். கரி பாலைக் காக்கும். நீலஞ்சாம்பல் நிறமும் புகைமணமும் தரும். ஆக, அந்தக் குடுவையின் மிக முக்கியமான வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் இருக்கிறது. யோருபா மக்களோ உலகத்தையே மூடிய சுரைக்கலமாகக் கண்டனர். மேல் மூடி வானம், கீழ்க் கிண்ணம் பூமி. பாதிச் சுரைக்கு மாட்டுத்தோல் போர்த்தி 21 நரம்பு கட்டினால் மேற்காபிரிக்காவின் 'கோரா' என்னும் இசைக்கருவி. எமது பாம்பாட்டியின் மகுடியும் சுரையே. வீணையின் தோளில் பொருத்தும் குடமும் மரபில் சுரையே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அலுமாரிச் சுரைக்கலத்துக்கு மணமில்லை, ஓசையில்லை, உட்புறமில்லை. எஞ்சியிருப்பது தோல்.

5

தோலை மட்டும் மதிப்பிடுவதற்கென்றே ஒரு சந்தையும் ஒரு சொற்கோவையும் உண்டாகியிருக்கின்றன. அவற்றில் தலையாயது பாவனையால் ஏறிய மெருகு. பல்லாண்டு கைபட்டு, பால் பட்டு, எண்ணெய் பட்டுத் தேன் நிறமாகிய பொருளுக்கு விலை கூடும். உண்மையில் அது என்ன? யாரோ ஒரு பெண் பல ஆண்டுகள் விடியலில் எழுந்து கறந்து, சுமந்து, விற்று, கழுவிக் கவிழ்த்ததன் தேய்மானம். அவளுடைய உழைப்பு பளபளப்பாக மாறி விலைச்சீட்டில் ஏறுகிறது, பெயர் ஏறுவதில்லை. பெயர் தெரியாதென்பதுகூட ஒரு தகுதியாகிவிடுகிறது. செய்தவர் இன்னாரென்று தெரிந்தால், அவர் உயிரோடும் இருந்தால், அது 'கைப்பணி' என்று கீழிறங்கும். ஓர் இனத்தின் பெயரை மட்டும் எழுதினால் அது 'பழங்குடிக் கலை' என்று மேலேறும்.

இதற்குள்ளும் ஒரு படிநிலை உண்டு. ஆண்கள் செதுக்கிய முகமூடிக்கும் சிலைக்கும் ஐரோப்பிய ஓவியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுத்த மரியாதை, பெண்கள் சுட்டு வரைந்த சுரைக்குக் கிட்டவில்லை. முகமூடி சிற்பமாயிற்று, சுரை சமையற்கட்டிலேயே நின்றது. இன்று அது 'அலங்காரக் கலை' என்ற பெயரில் உள்ளே வருகிறதென்றால் பின்வாசல் வழியாகவே வருகிறது.

நூதனசாலைகள் இவ்விஷயத்தில் தம்மோடு தாம் வாதாடியதும் உண்டு. 1984இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை, நவீன ஓவியங்களின் அருகே ஆபிரிக்க, ஓசியானியப் பண்டங்களை வைத்து, 'ஆதிவாசியம்' என்ற தலைப்பில் ஒரு பெருங்காட்சி நடத்தியது. ஒருபுறம் ஓவியர் பெயரும் ஆண்டும். மறுபுறம் பெயரற்ற, காலமற்ற பண்டங்கள். இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 1988இல் அதே நகரில் சூசன் வோகல் ஒழுங்குசெய்த காட்சியில் சாண்டே மக்களின் வேட்டைவலை ஒன்று, சுருட்டிக் கட்டியபடி, வெள்ளைச் சுவர் மண்டபத்தில் நவீன சிற்பம்போல் வைக்கப்பட்டது. பார்த்தவர் மயங்கினர். ஒளியும் வெற்றிடமும் எந்தப் பண்டத்தையும் கலையாக்கிவிடும் என்பதை அந்த வலை நிரூபித்தது. பலெர்மோ வீட்டு அலுமாரி அந்த மண்டபத்தின் சிறுபிரதி.

வலுவாக அபகரித்த வரலாறும் இருக்கிறது. 1892இல் ஜெனரல் டொட்ஸ் தலைமையிலான பிரெஞ்சுப் படை தகோமேயின் தலைநகர் அபோமேயைக் கைப்பற்றியபோது அரண்மனைப் பொருள்கள் பிரான்சுக்குப் போயின. நூற்றிருபத்தொன்பது ஆண்டுகளின் பின், 2021 நவம்பரில், அவற்றில் 26 பொருள்கள் பெனின் நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பத்திரிகைகள் சிம்மாசனங்களையும் அரச உருவங்களையும் படம் பிடித்தன. அந்த 26இற்குள் சித்திரம் செதுக்கிய சுரைக்கலங்களும் இருந்தன என்பதைக் கவனித்தவர் சிலரே. அரியணையும் சுரைக்குடுவையும் ஒரே விமானத்தில் ஊர் திரும்பியது சிறிய விஷயமல்ல என்பது எமது எண்ணம்.

6

இவ்விடத்தில் ஒரு சுலபமான முடிவு எம்மை அழைக்கிறது. பாவனை தூயது, காட்சி இழிந்தது. அடுப்படியில் இருந்தால் உயிர், அலுமாரியில் வைத்தால் பிணம் என்று எழுதி முடித்துவிடலாம். இந்த முடிவை நாம் ஏற்கவில்லை. ஏனெனில், சுரைக்கலத்தை முதலில் அலங்காரமாகச் சேகரித்தவர்கள் ஆபிரிக்கப் பெண்களே.

நைஜர் நாட்டு வொடாபேப் பெண்கள், நாடோடி வாழ்வில் தூக்கிச் செல்லக்கூடிய செல்வமாகச் சித்திரச் சுரைகளை அடுக்கடுக்காகச் சேர்த்தனர். பெருங்கூட்டங்களின்போது அவற்றை விரித்து வைத்து ஒருவர் சேகரத்தை ஒருவர் பார்த்தனர். அவற்றில் பால் ஊற்றுவதில்லை, பார்க்கவே வைத்திருந்தனர். ஹவுசா மணப்பெண்ணின் அறையில் அடுக்கும் பாத்திரச் சீதனத்துக்குக் 'கயன் தாக்கி' என்று பெயர், அறைக்குரிய பொருள்கள் என்பது அதன் பொருள். கடந்த நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து பூப்போட்ட எனாமல் கிண்ணங்கள் வந்தபோது, பெண்கள் அவற்றையும் அதே சுவரில் அதே ஒழுங்கில் அடுக்கினர். ஐரோப்பியச் சேகரிப்பாளர் எனாமலைக் கண்டு மரபு கெட்டுப்போயிற்று என்று முகஞ் சுழிக்கலாம். அந்தப் பெண்ணுக்கு மரபு என்பது பாத்திரத்தின் பொருளில் இல்லை. யார் தந்தது, யாருக்குப் போகும், எந்த மகளுக்கு எது என்ற கணக்கில் இருந்தது.

ஆகவே பார்வைக்கு வைப்பது குற்றமில்லை. அந்தப் பெண்ணின் சுவரில் இருந்த ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு கொடுத்தவர் இருந்தார். அதைச் சொல்லவும் அவளுக்குத் தெரியும். பலெர்மோ அலுமாரியில் இருப்பதற்கு விலைமட்டும் தெரியும்.

சேகரிப்பிலும் நல்ல வழி உண்டென்பதற்கு இந்நகரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. யுசெப்பே பித்ரே (1841–1916) பலெர்மோவில் ஏழை மக்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். நோயாளிகளிடம் நாடிபார்த்த அதே வேளையில் கதையும் பாட்டும் பழமொழியும் கேட்டெழுதி, 1871 முதல் 1913 வரை 25 தொகுதிகளாக வெளியிட்டார். 1909இல் அவர் தொடக்கிய நாட்டார் நூதனசாலையில் மீனவர், இடையர், உழவர் பாவித்த பண்டங்கள் சேர்ந்தன. ஒரு பண்டம் என்ன வேலைக்கு, எந்த நாளில், சிசிலிய மொழியில் அதன் பெயர் என்ன என்பதே அவருக்கு முதன்மை. செய்தவரின் பெயர் அவரிடமும் பெரும்பாலும் இல்லை என்ற குறை உண்டு. ஆயினும் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. தன் தீவின் ஏழைகளுக்கு இந்நகரம் செய்த அந்த மரியாதையை ஆபிரிக்கக் குடுவைக்கும் செய்யலாம் என்பதே எமது கோரிக்கை.

7

இப்போது தையலுக்கு வருகிறோம்.

சுரை வெடிக்கும். வெயிலிலோ வீழ்ச்சியிலோ விளிம்பு பிளந்தால் அதை எறிந்துவிடுவதில்லை. வெடிப்பின் இருபுறமும் ஊசித்துளையிட்டு, நாரை மாறிமாறிக் கோத்து, இறுக்கி, இடைவெளியை அடைத்துத் தைப்பார்கள். மேற்காபிரிக்கச் சந்தைகளில் இதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தனர். ஹவுசா மொழியில் அவர்களுக்குத் தனிப்பெயரே உண்டு: 'கியர்தாய்'. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச எமது ஊர்களுக்குள் வந்தவர்களைப் போன்றவர்கள். எனாமலும் பிளாஸ்டிக்கும் வந்தபின் அவர்களுக்கு வேலை குறைந்துபோயிற்று.

சந்தையின் கண்ணுக்குத் தையல் ஒரு குறை. அல்லது, இப்போது பரவிவரும் இன்னொரு நாகரிகத்தின்படி, அது ஒரு 'கவர்ச்சி'. இரண்டுமே தவறான வாசிப்பு என்போம். சித்திரம் ஒரு கலத்தை அழகாக்கலாம். தையலோ அந்தக் கலம் இன்னும் வேண்டும் என்று ஒருவர் தீர்மானித்ததன் தடயம். புதிதாய் ஒன்று மலிவாய்க் கிடைக்கும் பொருள் அது, கொடியில் காய்ப்பது. அப்படியிருந்தும் காசு கொடுத்துத் தைப்பித்திருக்கிறார் என்றால், அந்தக் குறிப்பிட்ட கலம் அவருக்கு ஏதோவொன்றாக இருந்திருக்கிறது. தாயிடமிருந்து வந்ததோ, மணநாளில் பெற்றதோ நாமறியோம். பெறுமதி என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான சான்று எந்த ஏலக்கடையின் பட்டியலிலும் இல்லை. சுவர்ப்பக்கம் திருப்பப்பட வேண்டியது வேறேதாவது.

8

இவ்வளவும் ஐரோப்பியரைப் பற்றியது என்று எம்மவர் ஆறுதலடைய வேண்டாம்.

புலம்பெயர்ந்த தமிழர் வீட்டு அலுமாரிகளில் மூக்குப்பேணி வந்து நெடுநாளாகிறது. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, பலெர்மோ எங்கும் அது யாழ்ப்பாணத்தின் அடையாளம். விழா மலர்களின் அட்டையிலும் வரையப்படுகிறது. வடிவான கலம்தான். வளைந்த மூக்கும் ஒடுங்கிய கழுத்தும் வார்த்தவன் கைத்திறனைச் சொல்லும். ஆனால் அந்த மூக்கு ஏன்? உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு. உதடு படக்கூடாதென்ற எண்ணத்தில் சுத்தம் எவ்வளவு, தீட்டு எவ்வளவு என்று எமது பண்பாட்டு ஆர்வலர் பிரித்துச் சொல்வதில்லை. வந்தவரின் சாதி பார்த்துப் பேணியா, சிரட்டையா, வெறும் கையா என்று முடிவுசெய்த விறாந்தைகள் அங்கே இருந்தன. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கென்று வேறு பாத்திரமும் போத்தலும் வைத்திருந்தனர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்தும் கடைக்கதவு திறக்காதபடியால்தான் 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மனிதர் அடிபட்டனர், உயிரும் கொடுத்தனர். ஒரே குவளையில் தேநீர் குடிப்பதற்காக நடந்த போராட்டம் அது.

அந்தச் சிரட்டையை எவரும் அலுமாரியில் வைப்பதில்லை. பனையோலையில் மடித்த கள்ளுப் பிளாவுக்கு மலர் அட்டையில் இடமில்லை. மூக்குப்பேணியைத் தனியே எடுத்து 'எங்கள் மரபு' என்று மின்குமிழின் கீழ் வைப்பது, மூரின் தலையைக் காதற்கதை என்று விற்பதற்கு வெகுதூரத்தில் இல்லை. இரண்டிலும் கலம் காப்பாற்றப்படுகிறது, அது யாரைத் தள்ளிவைத்தது என்பது தூசியோடு துடைக்கப்படுகிறது. பேணியை எறிந்துவிடச் சொல்லவில்லை. அதன் கதையை முழுவதும் சொல்லுங்கள் என்கிறோம். அதன் வெடிப்பு சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது.

இன்னொன்று சொல்லவேண்டும். பல்லரோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தமிழர் கானாக்காரரோடும் நைஜீரியரோடும் செனெகல், காம்பியா நாட்டவரோடும் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரே சந்தை, ஒரே பொலிஸ் கந்தோர் வரிசை, ஒரே விதமான வதிவிட அனுமதிக் கவலை. அப்படியிருந்தும் எம்மவரின் வாயில் அவர்களுக்கு வழங்கும் பெயர் 'காப்பிலி' அல்லது 'கறுவல்'. போர்த்துக்கீசர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்தோர் புத்தளத்துக்கு அண்மையில் சிரம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். எமது தீவின் குடிகள். அவர்களைக் குறித்த சொல்லே எமது வசைச்சொல்லும் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரீனோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவின் குகையில் மெழுகுதிரி ஏற்றும் சைவரும் கத்தோலிக்கரும், இதே நகரத்துக்கு இன்னொரு காவலர் உண்டென்று அறிந்திருப்பது அரிது. ஆபிரிக்க அடிமைகளின் மகனாகச் சிசிலியில் பிறந்து, பலெர்மோவின் சாந்தா மரியா தி ஜேசு மடத்தில் சமையற்காரராக உழைத்து, 1589இல் இறந்த பெனதெத்தோ. 1652இல் நகரசபை அவரைக் காவலராக ஏற்றது. 1807இல் திருச்சபை புனிதராக்கியது. அவருக்கு வழங்கும் அடைமொழியும் 'மூர்' என்பதே. ஒரே சொல், ஒரே நகரம். ஒரு மூரின் தலையில் பூச்செடி, இன்னொரு மூரின் தலையில் ஒளிவட்டம். உணவு சமைத்துப் பரிமாறி வாழ்ந்த அந்த மனிதரை இங்கே பிறர் வீட்டுச் சமையற்கட்டில் உழைக்கும் தமிழர் தம்மவராகக் கொண்டாட முழு நியாயமும் உண்டு.

9

சுரைக்கலத்தைக் கலையென்று ஏற்பதா, பாவனைப் பொருளென்று ஒதுக்குவதா என்ற பழைய தர்க்கத்தில் எமக்கு ஆர்வமில்லை. அது கலையே. கொங்கொலாப் பெண்ணின் நுண்கோட்டுக்கு முன்னால் அதை மறுப்பவர் கண்ணில் ஏதோ கோளாறு. எமது கேள்வி, கலையென்று ஏற்றபின் விமர்சகர் செய்ய வேண்டியது என்ன என்பது. ஓர் ஓவியத்தை விமர்சிப்பவர் ஓவியரின் பெயர் கேட்கிறார், காலம் கேட்கிறார், யார் செய்வித்தது, யார் கைமாற்றினார் என்று கேட்கிறார். அதே கேள்விகளைக் குடுவையிடமும் கேட்க வேண்டும். இதைச் சுட்டு வரைந்தவர் யார்? உள்ளே என்ன இருந்தது? அவருடைய மொழியில் இதன் பெயர் என்ன? யார் தைத்தார்? எந்தக் கையிலிருந்து எந்த விலைக்கு இங்கே வந்தது? எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்காது. கிடைக்காத இடத்தை 'பெயர் அறியப்படாத பழங்குடிக் கலைஞர்' என்று அழகுபடுத்தாமல், 'வாங்கியவர் கேட்கவில்லை' என்று எழுதிவைத்தால் அதுவே போதிய நேர்மை.

இவற்றில் சிலவற்றுக்காவது பதில் சொல்லக்கூடியவர்கள் இந்நகரிலேயே இருக்கிறார்கள். பல்லரோவில் எம்மவர் சுரைக்காய் பேரம் பேசும் கடைகளிலிருந்து சில அடி தூரத்தில், தம் தாய்மாரும் பாட்டிமாரும் சுரைக்கலத்தில் பாலும் தண்ணீரும் கூழும் அளந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நிற்கிறார்கள். நூதனசாலைக்காரர் அவர்களிடம் கேட்கலாம். சேகரிப்பாளரும் கேட்கலாம். அவர்களுக்கு முன்னரே, அயலில் வாழும் தமிழர் கேட்டால் நன்று. 'காப்பிலி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. முதலில் அதைக் கீழே வைக்க வேண்டும்.